கழுவின ஆயில்

பகூபா
12 நவம்பர் 1996

முன்திர்,

கையெழுத்தைப் பார்த்ததுமே யாருடையது என்று தெரிந்திருக்கும். இரண்டு வருடம் ஐந்து மாதம் கழித்து எழுதுகிறேன். நீ சொல்லாமல் கொள்ளாமல் ஜோர்டானுக்குப் போனதைப் பற்றிக் கேட்பதற்காக இல்லை. அதைக் கேட்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டேன். எனக்கு இப்போது ஒரு மெக்கானிக் வேண்டும். அந்த என்ஜினைத் தெரிந்தவன் நீ ஒருவன்தான்.

உன் மச்சான் ஹைதமுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. ஏப்ரலில் கால் வீங்கியது, மே மாதத்திலிருந்து மெஷினில் இரத்தம் சுத்திகரிக்கிறார்கள். வாரத்துக்கு மூன்று முறை வேண்டும் என்கிறார் டாக்டர். கிடைப்பது இரண்டு: சனி, செவ்வாய். பகூபாவில் மெஷின் இல்லை, பாக்தாத்துக்குத்தான் போக வேண்டும். போக அறுபது, வர அறுபது கிலோமீட்டர்.

பேருந்தில் போகலாமே என்று நீ கேட்பாய். இரண்டு முறை போனோம். நான்கு மணி நேரம் மெஷினில் கிடந்துவிட்டு வெளியே வந்தால் அவரால் உட்காரவே முடியாது. வாந்தி, மயக்கம். இரண்டாவது முறை பேருந்தின் தரையில் படுக்க வைத்து அழைத்து வந்தேன், ஜனங்கள் அவரைத் தாண்டித் தாண்டி இறங்கினார்கள். அன்றைக்கே அவர் அப்பாவின் பழைய பென்ஸைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்தேன். அதன் பின்சீட்டில் அவர் முழுதாகக் கால் நீட்டிப் படுக்க முடிகிறது. ஓட்டுவது நான்.

வண்டி இப்போது இப்படி இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் என்ஜினின் மேல்பக்கத்தில் டக் டக் என்று தட்டும், சற்று நேரத்தில் அடங்கும். ஆயில் பிரஷர் முள் சாலையில் எப்போதும் மூன்றில் நிற்குமே, இப்போது இரண்டுக்கு மேல் போவதில்லை. போன வாரம் பாக்தாத்தில் சிக்னலில் நிற்கும்போது பூஜ்யத்துக்கே வந்து மறுபடி ஏறியது. பின்னால் நீலப் புகை. முந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கிறது. இங்கே பட்டறை வைத்திருக்கும் உஸ்தா ஹாகோப்பிடம் காட்டினேன். "சத்தம் வர்றப்பவே வித்துடுங்க டீச்சர், சத்தம் நின்னா யாரும் வாங்க மாட்டான்" என்றார்.

என்ன நம்பர் ஆயில் ஊற்ற வேண்டும்? எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? நீ கடைசியாக ஐயாயிரம் என்று சொன்னாய். ஒரு கிலோமீட்டர் கூடக் குறைய இல்லாமல் அந்தக் கணக்கில்தான் மாற்றி வருகிறேன்.

தபாலில் அனுப்பாதே. இதைக் கொண்டுவரும் முஸ்லிஹ் என் பழைய மாணவியின் அப்பா, வாரம் ஒருமுறை அம்மானுக்கு வண்டி ஓட்டுகிறார். பதிலை அவரிடமே கொடு.

நிதால்

*

அம்மான்
24 நவம்பர் 96

அக்கா,

முஸ்லிஹ் ஒர்க்‌ஷாப் வாசல்லயே வெச்சு கொடுத்தாரு. கையெல்லாம் கிரீஸு. கழுவிட்டு வந்து பிரிக்கலாம்னு போனேன். கழுவிட்டு வந்தும் ரொம்ப நேரம் பிரிக்கல. திட்டுதான் இருக்கும்னு நெனச்சேன். திட்டு இருந்திருக்கலாம்.

மச்சான் விஷயம் எனக்கு யாரும் சொல்லல. கேக்கறதுக்கு எனக்கு வாயும் இல்ல. வண்டியப் பத்தி எழுதறேன், அது ஒண்ணுதான் எனக்கு வரும்.

முள்ளு ரெண்டுல ஓடினா பயப்படாதே. என்ஜின் சூடா இருக்கும்போது சிக்னல்ல அரை வரைக்கும் எறங்கலாம், அந்த என்ஜின் தாங்கும். பூஜ்யத்துக்கு வந்தா உடனே அணைச்சிடு. பின்னாடி எல்லாரும் ஹாரன் அடிக்கட்டும், போலீஸ்காரன் வந்து கத்தட்டும், நீ அணை. ஆயில் ஏறாம ஒரே ஒரு நிமிஷம் ஓடினாப் போதும், உள்ள பேரிங் எல்லாம் தேஞ்சு ஒட்டிக்கும். அப்புறம் அது வண்டி இல்ல, இரும்பு.

நம்பர் கேட்டிருக்கே. இப்ப குளிருக்கு இருபது-ஐம்பதுன்னு போட்டிருக்கறது. மே மாசத்துல இருந்து வெறும் ஐம்பது. தேஞ்ச என்ஜினுக்குக் கெட்டி ஆயில்தான் பிடிமானம். ஆனா விடிகாலைக் குளிர்ல ரொம்பக் கெட்டியா இருந்தா மேல ஏற நேரம் எடுக்கும், நீ சொல்ற டக் டக் அதுதான். ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷம் சும்மா விடு. ஆக்ஸிலேட்டர் மேல கால வைக்காதே.

அதெல்லாம் இருக்கட்டும். டப்பா மேல எழுதியிருக்கற நம்பரை நம்பாதே அக்கா. வெளிநாட்டுச் சரக்குக்குத் தடை வந்ததுல இருந்து நம்ம ஊர்ல விக்கறதுல பெரும்பாலும் கழுவின ஆயில். லாரியில வடிச்ச கருப்பு ஆயில ஆசிட் ஊத்திக் கழுவி, களிமண்ணுல வடிகட்டி, தேன் கலருக்குக் கொண்டாந்து பளபளன்னு டப்பால அடைச்சுத் தர்றாங்க. சீல் கூட இருக்கும். நீ கெமிஸ்ட்ரி டீச்சர், உனக்கு நான் சொல்லணுமா. ஒரு சொட்டு கரண்டியில விட்டு அடுப்புல காட்டு. பொரிஞ்சா உள்ள தண்ணி இருக்கு. மை ஒத்தற தாள்ல ஒரு சொட்டு வெச்சுட்டு மறுநாள் பாரு. நடுவுல கருப்பா வட்டம் நின்னா அது கழுவினது. மூக்கால பாரு, தீஞ்ச வாடை வரும்.

கழுவினதுதான் கிடைக்குதுன்னா அதையே ஊத்து, ஊத்தாம இருக்கறத விட மேல். ஆனா ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல விடாதே. உன் கணக்குக்கு மாசம் ஒரு தடவை. ரேஷன் வாங்கற அன்னிக்கே மாத்திடு, மறக்காது. ஐயாயிரத்தை மறந்துடு. நான் சொன்னதுதான், மறந்துடு.

மச்சானுக்கு என் சலாம் சொல்லு. சொல்லலாம்னு தோணினா சொல்லு.

முன்திர்

*

பகூபா
15 டிசம்பர் 1996

முன்திர்,

நீ சொன்னபடி ஏழு கடைகளில் ஒரு மருந்துப் புட்டி அளவு வாங்கி வந்து, பள்ளி ஆய்வுக்கூடத்தில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஏழும் பொரிந்தன. ஏழிலும் கருப்பு வட்டம். பிள்ளைகளிடம் இது பாடத்தில் வருகிற சோதனை என்று சொன்னேன். கடைசி பெஞ்ச் பெண் ஒருத்தி, "டீச்சர், இதுல எது நல்லதுன்னு கண்டுபிடிக்கணும்?" என்று கேட்டாள். எது குறைந்த கெடுதல் என்று கண்டுபிடி என்றேன். நான்காவது என்றாள். அதைத்தான் வாங்கி ஊற்றியிருக்கிறேன்.

டிசம்பர் மூன்று, செவ்வாய். கான் பனீ ஸஅத் ஊரைத் தாண்டியதும் முள் பூஜ்யத்துக்கு வந்தது. நீ சொன்னபடி அணைத்தேன். ஓரமாக ஒதுக்கி, அரை மணி ஆறவிட்டு ஸ்டார்ட் செய்தேன், உடனே பூஜ்யம். மறுபடி அணைத்தேன். ஹைதம் பின்னால் படுத்துக்கொண்டு ஆரஞ்சு லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தார். நான்கு மணி நேரம் கழித்து ஒரு டிராக்டர்காரர் கயிறு கட்டி ஊருக்கு இழுத்து வந்தார். மெஷின் எங்களுக்காகக் காத்திருக்காது, எங்கள் முறை வேறொருவருக்குப் போயிற்று. வெள்ளிக்கிழமைக்குள் ஹைதமின் முகம் வீங்கி எனக்கே அடையாளம் தெரியவில்லை. மூச்சு விடவே கஷ்டப்பட்டார். தலையணையை முதுகுக்கு வைத்து இரண்டு நாள் உட்கார்ந்தே இருந்தார்.

உஸ்தா ஹாகோப் என்ஜினின் மேல் மூடியைத் திறந்தார். உள்ளே தார் போட்ட மாதிரி இருந்தது. விரலால் வழித்து என் முன்னால் நீட்டினார். அடியில் ஆயில் உறிஞ்சும் வலையும் இதனால் பாதி அடைத்துக்கொண்டிருக்கிறதாம். வெளியே எட்டியவரை சுரண்டித் துடைத்துக் கொடுத்தார். இது இன்று நேற்று படிந்ததல்ல, கழுவின ஆயிலைப் பல ஆயிரம் கிலோமீட்டர் மாற்றாமல் ஓட்டிய வேலை, தொண்ணூற்று நான்கிலேயே ஆரம்பித்திருக்கும் என்றார்.

இருக்கவே முடியாது என்று சொன்னேன். தொண்ணூற்று நான்கில் ஊற்றியது ஹைதம் போருக்கு முன்னால் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த ஒரு லிட்டர் டின் ஆறு, சீல் உடைக்காதது, என் தம்பியின் கையில் கொடுத்தேன், அவனே ஊற்றினான் என்றேன். ஹாகோப் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். கேலியாகச் சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். பாவம் என்பது போலச் சிரித்தார்.

ஐயாயிரத்தை மறந்துவிடு என்று எழுதியிருக்கிறாய். ஏன் என்று எழுதவில்லை. நல்ல ஆயிலுக்கு ஐயாயிரம் சரிதானே? அன்றைக்கு நல்ல ஆயில்தானே ஊற்றினாய்?

நான் ஹாகோப்புக்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்?

நிதால்

*

அம்மான்
3 ஜனவரி 97

அக்கா,

இத மூணு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன். முஸ்லிஹ் வெளிய வண்டிய ஸ்டார்ட்ல வெச்சுட்டு நிக்கறாரு, அதனால இது போயிடும்.

அந்த ஆறு டின் உன் வண்டியில போகல.

நீ காலையில ஸ்கூல் பைக்குள்ள துணி சுத்திக் கொண்டாந்து கொடுத்துட்டுப் போனே. ரெண்டு மணிக்கு ஒருத்தர் வந்தாரு. எந்த ஆபீஸ்னு நான் எழுத வேண்டாம், நம்ம தெருவுல அவர் வண்டி திரும்பினாலே கடைக்காரனெல்லாம் எழுந்து நிப்பான். உன் வண்டி மாதிரியே பென்ஸ், அதே வருஷம். நல்ல ஆயில் இருக்கான்னு கேட்டாரு. இல்லைங்கன்னேன். எழுந்து உள்ள வந்து பெஞ்சுக்கு அடியில குனிஞ்சு பாத்தாரு. துணிய வெலக்கிட்டு, "இது யாரோடது?"ன்னாரு.

அக்காவோடதுன்னு சொல்லியிருக்கலாம். விட்டிருப்பாரோ என்னவோ. சொல்லிப் பாத்தாத்தானே தெரியும். நான் "கடையோடதுதாங்க"ன்னேன். என் வாயாலதான் சொன்னேன். அவர் கூட என்னை மெரட்டல.

ஆறையும் அவர் வண்டியில ஊத்தினேன். உன் வண்டிக்கு ட்ரம்ல இருந்த கழுவினத ஊத்தினேன். நாலு மணிக்கு நீ வந்தே. போட்டாச்சான்னே. போட்டாச்சுன்னேன். எவ்வளவு ஓட்டலாம்னே. ஆயிரம்னு சொன்னா ஏன்னு கேப்பே. அதனால ஐயாயிரம்னேன். காலி டின்ன நீ பருப்பு போட்டு வைக்கணும்னு கேட்டு வாங்கிட்டுப் போனே. நானேதான் அத தொடச்சு எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு வாரத்துல எங்கயாவது நல்ல ஆயில் புடிச்சு உன் வண்டியில மாத்திடலாம்னுதான் இருந்தேன். சத்தியமா அக்கா. அந்த வாரமே அவர் திரும்ப வந்தாரு. வண்டி வெண்ணெய் மாதிரி ஓடுது, அதே மாதிரி இன்னும் ஆறு டின் எடுத்து வை, வியாழக்கிழமை வர்றேன்னாரு. புதன்கிழமை நான் கெளம்பிட்டேன். உன்கிட்ட சொல்லிட்டுப் போகணும்னா எதுக்குப் போறேன்னு சொல்லணும். அதான் சொல்லல.

மச்சான் ஒரு முறை தவறவிட்டாருன்னு எழுதியிருக்கே. அத நான் பண்ணினேன். நல்ல ஆயில் இங்க வாங்கி முஸ்லிஹ்கிட்ட கொடுத்து விடறேன். எத்தனை டின் வேணும்னு மட்டும் எழுது. வேற எதுவும் எழுத வேண்டாம்.

முன்திர்

*

பகூபா
20 ஜனவரி 1997

முன்திர்,

எதையும் அனுப்பாதே.

டிசம்பர் மூன்று ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். டிசம்பர் இருபத்தெட்டும் தவறியது. ஜனவரி பதினான்கு, நோன்பு தொடங்கிய முதல் வாரம், வண்டி கொட்டகையை விட்டே நகரவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் பிக்கப்பில் மெத்தை போட்டுக் கொண்டுபோனேன். போய்ச் சேர்ந்தபோது பாதி நேரம்தான் மிச்சமிருந்தது. இரண்டு மணி நேரத்தில் கழற்றிவிட்டார்கள். ஒரு முறை தவறினால் ஆயுளில் எவ்வளவு குறைகிறது என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படியெல்லாம் கணக்குப் போட முடியாதம்மா என்றார். நான் போடுகிறேன்.

அந்தக் காலி டின்களில் இன்னமும் பருப்புதான் இருக்கிறது. தினமும் திறக்கிறேன்.

உனக்குப் பயம். புரிகிறது. எனக்கும் பயம்தான். யாருக்கு இங்கே இல்லை? ஆனால் நீ வண்டிச் சாவியை என் கையில் கொடுத்து ஐயாயிரம் என்று சொன்னபோது அந்த ஆள் பக்கத்தில் இல்லை. அப்போது நீயும் நானும் மட்டும்தான் இருந்தோம்.

ஹைதமிடம் இதைச் சொல்லவில்லை. உன்மேல் அவருக்குப் பிரியம். அதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான்.

இனி எழுதாதே.

நிதால்

*

அம்மான்
3 பிப்ரவரி 97

அக்கா,

எழுதாதேன்னே. இது ஒண்ணு மட்டும்.

அனுப்பாதேன்னு சொன்னதால அனுப்பல, நானே கொண்டு வர்றேன். நாலு லிட்டர் டின் ஆறு, பில்டர் நாலு, அடி போல்ட்டுக்குப் போடற செம்பு வளையம் ஒரு பொட்டலம். வியாழக்கிழமை முஸ்லிஹ் வண்டியில கெளம்பறேன். பெருநாளைக்கு மொத நாள் அங்க இருப்பேன். நான் ஆயில மட்டும் மாத்த வரல, ஆயில் நிக்கற அடிச்சட்டியக் கழட்டி அந்த வலையச் சுத்தம் பண்ணணும். ஹாகோப் நல்ல மனுஷன்தான், ஆனா அந்த என்ஜின அடிவரைக்கும் பிரிச்சது நான் மட்டும்தான்.

இங்க நான் விசா முடிஞ்சு ரொம்ப நாளாகுது. வெளிய போனா அஞ்சு வருஷம் திரும்ப உள்ள விட மாட்டாங்க. அங்க என் வயசுக்காரங்களப் பட்டாளத்துக்குத் திரும்பக் கூப்பிட்டப்ப நான் ஊர்ல இல்ல, அதுவும் இருக்கு. முஸ்லிஹ் ரெண்டையும் சொல்லி மூளை இருக்கான்னு கேட்டாரு. நோன்பு நேரத்துல சண்டை வேண்டாம் ஹாஜின்னு சொல்லி வெச்சிருக்கேன்.

கதவத் தொறக்க இஷ்டம் இல்லைன்னா கொட்டகை சாவிய வாசல்ல வெச்சுடு. வேலைய முடிச்சுட்டுப் போறேன்.

முன்திர்

*

பகூபா
2 மார்ச் 1997

முன்திர்,

இந்தக் கடிதம் இராணுவ முகாம் அலுவலகத்தில் பிரிக்கப்பட்ட பிறகுதான் உனக்குக் கிடைக்கும் என்று சொன்னார்கள். பிரிக்கிறவருக்கும் என் சலாம். இதில் என்ஜின் ஆயிலைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

நீ கூத் நகரத்தில் இராணுவ லாரிப் பட்டறையில் இருக்கிறாய் என்று தெரிந்துகொள்ளவே எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

பெருநாளுக்கு முதல்நாள் சாவியை வாசலில் வைக்கவில்லை. கதவைத் திறந்துவைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். உன்னை என்னவெல்லாம் கேட்பது என்று வரிசையாகத் தயாராக வைத்திருந்தேன். முஸ்லிஹ் மட்டும் இறங்கி வந்தார். நான்கு டின்னையும் ஒரு பையையும் தரையில் வைத்துவிட்டு, "தங்கச்சி, எல்லையில அவனை எறக்கிட்டாங்க. ரெண்டு டின்ன அவங்க எடுத்துக்கிட்டாங்க. மிச்சத்த எப்படியாவது அக்காகிட்ட சேத்துடுங்கன்னு என் கையப் புடிச்சுக்கிட்டான். அவன் அழல, நான்தான் அழுதேன்" என்றார். தண்ணீர் கூடக் குடிக்காமல் போய்விட்டார், நோன்பு.

ஹைதம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அதன் பிறகு ஒளித்து வைக்க என்ன இருக்கிறது? ஆறு டின் கதையையும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கோபப்படுவார் என்று பார்த்தேன். "அந்த ஆளோட வண்டியாவது இப்ப நல்லா ஓடுதாமா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்து, அது வேறு மாதிரி முடிந்தது.

பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் ஹாகோப்பின் ஜாக்கியையும் மரக்கட்டைகளையும் வாங்கி வந்து வண்டியை உயர்த்தினேன். பரணில் கிடந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து முற்றத்தில் விரித்து அடியில் படுத்தேன். ஹாகோப் பக்கத்தில் நின்று இதைத் தொடு, அதைத் தொடாதே என்று சொன்னார். அவருக்கு முதுகு வளையாது. ஹைதம் நாற்காலி போட்டு உட்கார்ந்து உன் நவம்பர் கடிதத்தை உரக்கப் படித்தார். அடிச்சட்டியைக் கழற்ற ஒருநாள் முழுக்க ஆயிற்று. அந்த வலை முழுக்கக் கருப்புச் சேறு. பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்துத் தேய்த்து மண்ணெண்ணெயில் கழுவினேன். என் தலைமுடியில் அந்த வாடை இன்னும் போகவில்லை, பள்ளியில் பெண்கள் நகர்ந்து உட்காருகிறார்கள்.

புது ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்தபோது இரண்டு நிமிடம் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து வைத்திருந்தேன். சத்தம் மூன்று நொடியில் அடங்கியது. சாலையில் முள் மூன்றை ஒட்டி நின்றது. அன்றிலிருந்து ஒரு முறையும் தவறவில்லை.

நீ பட்டறையில் எப்படி இருக்கிறாய் என்று எழுது. அடித்தார்களா என்று கேட்கக் கூடாது, அதனால் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் பார்க்க விடுகிறார்களாம். நான் வருகிறேன்.

கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. போகவில்லை. அதோடுதான் வருகிறேன்.

நிதால்

*

கூத்
9 மார்ச் 97

அக்கா,

வராதே.

நான் நல்லாத்தான் இருக்கேன். இங்க லாரி நாப்பது, ஓடறது பதினொண்ணு. எனக்கு ஜீப் என்ஜின் பிரிக்கத் தெரியும்னு சொன்னதும் படைத்தலைவர் என்னைத் தனியா ஒரு மூலையில உக்கார வெச்சுட்டாரு. சாப்பாடு உண்டு. எடை கொறஞ்சிருக்கு, உடம்புக்கு நல்லதுதான். எவ்வளவு காலம்னு யாரும் சொல்லல, நானும் கேக்கல.

நீ அடிச்சட்டிய எறக்கினியா. ரெண்டு தடவை படிச்சேன். பக்கத்துல இருக்கறவன்கிட்டயும் படிச்சுக் காட்டினேன், அவன் நம்பல.

இப்ப நான் சொல்றத நல்லாக் கேளு. அடைப்பு போயிடுச்சுன்னுதான் முள்ளு ஏறுது, பேரிங் தேஞ்சது தேஞ்சதுதான். அது புதுசா ஆகாது. இப்ப ஊத்தியிருக்கறத ஆயிரம் கிலோமீட்டர்ல வடிச்சிடு, பழைய அழுக்கெல்லாம் அதுல எறங்கி வரும். பாத்தா நல்லா இருக்கே, வீணாக்கணுமான்னு உனக்கு மனசு வராது. வடிச்சிடு. ரெண்டாவது நெறப்பறத ரெண்டாயிரத்து ஐநூறு ஓட்டலாம். நாலு லிட்டர் மிஞ்சும், அத கொறையறப்பக் கொறையறப்ப ஊத்திக்க வெச்சுக்கோ. அதுக்கப்புறம் கழுவினதுதான், மாசம் ஒரு தடவை.

இப்படிப் பொத்திப் பொத்தி ஓட்டினா அந்த என்ஜின் இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டர் தாங்கும். நான் கணக்குப் போட்டுட்டேன். மச்சானுக்குப் பத்து மாசம். அதுக்குள்ள ஏதாவது வழி பொறக்கும். கூத்துக்கு வந்து போனா நானூத்தி அம்பது. ஆஸ்பத்திரிக்கு நாலு நடை. ரெண்டு வாரத்த எனக்காக எரிக்காதே. ஏற்கெனவே நான் எரிச்சது போதும்.

அக்கா, தயவு செஞ்சு வராதே. பாக்கணும்னு எனக்கு எவ்வளவு இருக்குன்னு எழுத மாட்டேன். எழுதினா வந்துடுவே.

முன்திர்

*

பகூபா
18 மார்ச் 1997

முன்திர்,

முதல் நிரப்பை ஆயிரத்துப் பத்தில் வடித்துவிட்டேன். கருப்பாகத்தான் இறங்கியது. மனசு வரவில்லை என்பது சரி. வடித்தேன். இரண்டாவது ஊற்றியாகிவிட்டது.

உன் பத்து மாதக் கணக்கை ஹைதமுக்குப் படித்துக் காட்டினேன். தவறு என்றார். என்ஜின் பக்கம் தவறில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை நேரத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டோம். வண்டி வழியில் ஒரு முறை கூட முனகவில்லை. வாசலிலேயே தாதி நின்றாள். மெஷினில் மாட்டுகிற வடிப்பான் கையிருப்பு முடியப்போகிறதாம். அடுத்தது எப்போது வரும் என்று அவளுக்கும் தெரியாது. இனி ஒருவருக்கு வாரத்தில் ஒரு முறைதான், உங்களுக்குச் சனிக்கிழமை என்று எழுதிய சீட்டைக் கொடுத்தாள். ஒன்று எப்படிப் போதும் என்று கேட்டேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அவளுக்கு இருபது வயது இருக்கும்.

ஹைதமைப் பின்சீட்டில் படுக்க வைத்து அப்படியே திரும்பி வந்தேன். முள் மூன்றில் நின்றது. பகூபா வரைக்கும் ஆடாமல் அசையாமல் மூன்றில் நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம். டிசம்பரில் மெஷின் இருந்தது, வண்டி இல்லை. இப்போது வண்டி இருக்கிறது. யாரைப் பிடித்துக் கேட்பது என்று தெரியாமல் ஸ்டீயரிங்கை அடித்தேன். பின்னாலிருந்து அவர், "அதை ஏன் அடிக்கறே, அது ஒண்ணுதான் இப்ப ஒழுங்கா இருக்கு" என்றார்.

எங்கள் வீட்டில் உன்னை மன்னிப்பதைப் பற்றிப் பேச்சே வரவில்லை. அதற்கு நேரமில்லை. உன்மேல் சுமத்தியதையெல்லாம் இறக்கவும் இல்லை. அந்தத் தவறிய நாட்களை நான் சாகும்வரை எண்ணுவேன். ஆனால் அவற்றோடு இனிமேல் வரப்போகிற செவ்வாய்க்கிழமைகளையும் எண்ண வேண்டியிருக்கிறது. அவை உன் கணக்கில் வராது.

நேற்று ஹைதம் காகிதமும் பேனாவும் கேட்டார். வாரம் நூற்றிருபது கிலோமீட்டர் மிச்சம் என்று எழுதினார். நான்கு வாரத்துக்கு நானூற்று எண்பது. பக்கத்தில் நீ எழுதிய நானூற்று ஐம்பதை எழுதிக் கோடு போட்டார். "அவனுக்கு நாம ஒண்ணும் தியாகம் பண்ணல. இது சும்மாக் கெடக்கற தூரம். போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றார். நான் மட்டும் போகிறேன் என்றேன். நீ அங்கே போய் அவனைத் திட்டுவாய், அப்போது அவன் பக்கம் பேச ஒரு ஆள் வேண்டும் என்றார். இதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினார்.

மார்ச் இருபத்தெட்டு, வெள்ளிக்கிழமை வருகிறோம். மறுநாள் சனிக்கிழமை அவருக்கு மெஷின், அதனால் அன்றே திரும்பிவிடுவோம். அவரைப் பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாதே. கிட்டே வந்து வண்டியைப் பற்றிப் பேசு.

அக்கா